விழப்போவது யார்?

பந்தயத் தடத்தில் வண்டியை இறக்கும் முன் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அடிபட்டாலும், உயிரே போனாலும் நடத்துகிறவர்கள் பொறுப்பில்லை என்று அதில் எழுதியிருக்கும். பெரும்பாலான பையன்கள் அதைப் படிப்பதில்லை. பேனாவை வாங்கிக் கிறுக்கிவிட்டு டயரைப் பார்க்க ஓடிவிடுவார்கள். எனக்கு அந்தத் தாளின் மேல் ஒரு மரியாதை உண்டு. மோட்டார் சைக்கிள் பந்தயம் பைத்தியக்காரத்தனம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் பேசுவது அதைப் பற்றித்தான். உள்ளே இருக்கிற ஒவ்வொருவனும் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்து, தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன். எல்லோரும் ஒரே திசையில் போகிறோம். வளைவுக்கு வெளியே உருண்டு நிற்க இடம் விட்டிருக்கிறார்கள். கொடியோடு மார்ஷல் நிற்கிறார். ஆம்புலன்ஸ் வராமல் பயிற்சிகூடத் தொடங்காது.

இந்த ஏற்பாட்டிலிருந்து நான் கற்றுக்கொண்ட கேள்வி ஒன்றுதான். முடிவெடுக்கிறவன் யார், விழப்போகிறவன் யார்? வண்டியில் புதிதாக ஒரு கருவி வந்தாலும், பந்தயத்தில் புதிதாக ஒரு விதி வந்தாலும், செல்போனில் புதிதாக ஒரு செயலி வந்தாலும் இதைத்தான் கேட்டுப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே ஆள் என்றால் எனக்குச் சண்டை இல்லை. வேறு வேறு ஆள் என்றால் அங்கே ஏதோ சரியில்லை.

நான் பெரிய பெயர் எடுத்த ரேஸர் இல்லை. எனக்கு முந்திய தலைமுறை சோழவரத்தில் ஓடியது. அது இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்குத் தடம் வந்தது. நான் ஓட வந்தது அதற்கும் கொஞ்சம் பிறகு. சில கோப்பைகள், சில தகடு வைத்த எலும்புகள். இப்போது ஒரு சின்ன மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிறேன். பந்தயத்துக்கு வரும் பையன்களின் வண்டியும் வரும், தெருவில் ஓடும் வண்டியும் வரும்.

நாங்கள் ஓட்டியதெல்லாம் டூ-ஸ்ட்ரோக். யமஹா ஆர்எக்ஸ் 100, சுசுகி ஷோகன். புதுப்பேட்டையில் பழைய சிலிண்டர் பிளாக் வாங்கி, போர்ட்டை அகட்டி, ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவி ஓட்டினோம். கார்புரேட்டருக்குள் மெயின் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கும், நடுவில் மெல்லிய துளையோடு. காலைப் பயிற்சியின்போது காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும். மத்தியானம் பந்தயம் தொடங்குவதற்குள் வெயில் அதை மெலிதாக்கிவிடும். அதே ஜெட்டோடு போனால் பெட்ரோல் கூடிப்போய் இன்ஜின் இழுக்காது. சின்ன ஜெட் மாற்ற வேண்டும். ரொம்பச் சின்னதாகப் போட்டுவிட்டால் பெட்ரோல் குறையும். ஆயில் பெட்ரோலில் கலந்துதான் போகிறது, ஆகவே அதுவும் குறையும். பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். இன்ஜின் சீஸ் ஆனால் பின்சக்கரம் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும். அதனால் நேர்ப்பாதையில்கூட இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கும்.

ஜெட் விஷயத்தில் எங்கள் மெக்கானிக் பாய்தான் கடைசி வார்த்தை. முழு வேகத்தில் இன்ஜினை அணைத்து ஓரம் கட்டச் சொல்வார். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால், "இதோட போகாதே தம்பி, படுத்துக்கும்" என்பார்.

அந்தக் காலத்து ஆட்கள் கூடினால் இதையெல்லாம் சொல்லிச் சொல்லி ஏங்குவார்கள். எனக்கு அந்த ஏக்கம் இல்லை. இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனில் ஒரு சென்சார் காற்றின் சூட்டை அளக்கிறது, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. பாய் கண்ணால் செய்ததை அது ஒவ்வொரு கணமும் செய்கிறது. சீஸ் ஆகித் தூக்கியெறியப்பட்ட பையன்களை ஓடிப்போய்த் தூக்கியவன் நான். அந்த விபத்து பெரும்பாலும் இல்லாமல் போனது நல்லதுக்குத்தான். பழைய திறமை ஒன்று தேவையில்லாமல் போனதற்காக ஒருவன் இடுப்பு உடைய வேண்டியதில்லை.

அதேபோல டேட்டா லாகரும் எனக்குப் பிடித்த கருவி. ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்தது, பிரேக் எங்கே பிடித்தது, எந்த வேகத்தில் வளைவுக்குள் நுழைந்தது என்று கோடு கோடாகக் காட்டும். "அண்ணா, சி-1ல நான் கையை எடுக்கவே இல்லண்ணா" என்று ஒரு பையன் சத்தியம் செய்வான். லேப்டாப்பைத் திறந்தால் சி-1 என்கிற அந்த முதல் வளைவுக்கு முன்னால் கோடு பள்ளத்தில் இறங்கியிருக்கும். அவன் பொய் சொல்லவில்லை. கை தானாக எடுத்தது மூளைக்குத் தெரியவில்லை. எங்கள் காலத்தில் இந்த உண்மை வெளியே வரவே வராது. கார்புரேட்டரைக் குறை சொல்லியே ஒரு சீசனை ஓட்டிவிடலாம்.

ஆனால் ஏன் கை எடுத்தான் என்று அந்தக் கோடு சொல்லாது. போன லேப்பில் அங்கே யாராவது ஆயில் சிந்தியிருக்கலாம். முன்னால் போனவன் தள்ளாடியிருக்கலாம். அதை அந்தப் பையனை உட்கார வைத்துத்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஆள் இருக்கும்வரை டேட்டா ஓர் ஆசிரியர். ஆள் இல்லாத இடத்தில் அது வெறும் பிரம்பு.

வண்டியைத் தானே கையாளும் மின்னணுவைப் பற்றி என் கருத்து கொஞ்சம் சிக்கலானது. டயர் தரையைத் தொடும் இடம் ஒரு வெற்றிலை அகலம்தான் இருக்கும். பிரேக் பிடிக்க, வளைய, முடுக்க, மூன்றுக்கும் சேர்த்து அந்த ரப்பர்தான் பிடிமானம் தருகிறது. வளைந்து போகையில் ஆக்சிலரேட்டரை ஒரு நூல் கூடுதலாக முறுக்கினால் பின்டயர் வழுக்கும். பயந்து சட்டென்று மூடினால் வழுக்கிய டயர் திடீரென்று தரையைப் பிடிக்கும், வண்டி நிமிர்ந்து ஓட்டுகிறவனைத் தலைக்கு மேல் வீசியெறியும். இதுதான் ஹைசைட். 500 சிசி டூ-ஸ்ட்ரோக் காலத்து உலகச் சாம்பியன்கள் பலருடைய கை கால்களில் உள்ள தழும்புகளுக்கு அதுதான் காரணம். இன்றைக்கு டிராக்‌ஷன் கன்ட்ரோல் டயர் வழுக்கத் தொடங்கும்போதே இன்ஜின் பலத்தைக் குறைத்துவிடுகிறது. வண்டியின் சாய்வை அளக்கும் கருவி கடையில் விற்கும் வண்டிகளிலேயே வந்துவிட்டது.

பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் அப்படித்தான். இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். "நீங்க ரேஸர், உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்பார்கள். தடத்தில் அதே வளைவை நாள் முழுக்கச் சுற்றுகிறேன். தார் எங்கே சூடாகும், எங்கே மேடு என்று உடம்புக்கே தெரியும். அங்கே முன்பிரேக்கை என் விரல் பார்த்துக்கொள்ளும். பூந்தமல்லி சாலையில் லாரி சிந்திய மணல் எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது, எந்த உலகச் சாம்பியனுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியில்லாத இடத்தில் கருவி குறுக்கிடட்டும். என் தெரு வண்டியில் ஏபிஎஸ் இல்லாமல் நான் வெளியே போவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஏர்பேக். உலகச் சாம்பியன்ஷிப் பந்தயமான மோட்டோஜிபியில் 2018 முதல் அது கட்டாயம். தோல் உடைக்குள் இருக்கிறது. உடம்பு பறக்கும் விதத்தை வைத்து இவன் விழுகிறான் என்று முடிவுசெய்து, அவன் தரையைத் தொடும் முன் தோளையும் கழுத்தெலும்பையும் சுற்றி ஊதிக்கொள்கிறது. எப்படி ஓட்ட வேண்டும் என்பதில் அது தலையிடுவதே இல்லை. முடிவெடுத்தவன் நீ, நான் உன் எலும்பை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்கிற கருவி. தொழில்நுட்பத்திடம் நான் எதிர்பார்க்கும் ஒழுக்கம் இதுதான்.

இப்போது இதற்கு எதிர்ப்பக்கம். மோட்டோஜிபி வண்டிகளில் இறக்கைகள் முளைத்த பிறகு முன்டயர் மேல் அழுத்தம் கூடிவிட்டது. முன்னால் போகும் வண்டியின் சூடான காற்றில் போனால் டயருக்குள் காற்றழுத்தம் ஏறும், தனியாகப் போனால் இறங்கும். மிகவும் இறங்கினால் டயருக்கு ஆபத்து. அதனால் குறைந்தபட்ச அழுத்தம் என்று விதி வைத்தார்கள். 2024 முதல் முன்டயருக்கு 1.8 பார். பந்தயத்தின் 60 சதவீத லேப்களில் அதற்குக் கீழே போகக்கூடாது. 2025இல் தாய்லாந்தின் புரிராமில் முன்னால் ஓடிக்கொண்டிருந்த மார்க் மார்க்கேஸ் திடீரென்று வேகம் குறைத்துத் தன் தம்பி அலெக்ஸுக்கு வழி விட்டார். எல்லோரும் இன்ஜின் கோளாறு என்று நினைத்தார்கள். அழுத்தம் குறைந்துவிட்டதென்று தெரிந்து, தம்பியின் பின்னால் ஒட்டி ஓடி டயரைச் சூடாக்கி, கடைசியில் முந்திப்போய் ஜெயித்தார். கெட்டிக்காரத்தனம்தான்.

அதே ஆண்டு கத்தாரில் மாவெரிக் வின்யாலஸ் இரண்டாவதாக வந்தார். டயர் அழுத்தம் போதவில்லை என்று 16 நொடி தண்டனை. 14ஆம் இடத்துக்குப் போனார். பந்தயத்துக்கு முன் டயரில் காற்று நிரப்புவது இன்ஜினியர். இவன் கூட்டத்துக்குள் ஓடுவானா, தனியாக ஓடுவானா என்று ஊகித்து அவர் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். ஊகம் தவறினால் மேடையிலிருந்து இறங்குகிறவர் ஓட்டுநர். விதியின் நோக்கத்தில் தவறில்லை. தண்டனை போய்ச் சேரும் முகவரிதான் தவறு. அணியின் புள்ளிகளை மட்டும் வெட்டட்டும், அபராதத்தை அணி கட்டட்டும்.

நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். 2016இல் மோட்டோஜிபியில் எல்லா அணிக்கும் ஒரே மென்பொருள் என்றார்கள். பெரிய நிறுவனம் பணத்தைக் கொட்டி எழுதிய புரோகிராம் போய், வரிசையில் கடைசியாக நிற்கும் அணிக்கும் அதே மூளை கிடைத்தது. 2027இலிருந்து இன்ஜின் 850 சிசியாகக் குறைகிறது. வண்டியின் உயரத்தைத் தாழ்த்தும் கருவிகளுக்குத் தடை. எல்லா ஓட்டுநர்களின் ஜிபிஎஸ் தரவும் எல்லா அணிகளுக்கும் கிடைக்கும். பணக்காரனின் ரகசியத்தைக் குறைத்து விழுகிறவனின் கையில் வேலையைத் திருப்பிக் கொடுக்கும் விதிகள் இவை.

திருட்டும் பந்தயத்தோடு கூடவே பிறந்ததுதான். ஸ்டாக் வகுப்பில் கம்பெனி கொடுத்தபடியே வண்டி இருக்க வேண்டும். சிலிண்டரை அரை மில்லிமீட்டர் அகட்டுவது, கேம் ஷாஃப்டை மாற்றுவது எல்லாம் நடக்கும். பந்தயம் முடிந்ததும் முதல் மூன்று வண்டிகளைப் பூட்டி வைத்து ஸ்க்ரூட்டினி அதிகாரி இன்ஜினைப் பிரிப்பார், வெர்னியர் வைத்து அளப்பார். உலோகம் பொய் சொல்லாது. இப்போதைய திருட்டு இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான இசியுவுக்குள் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எந்தப் பாகமும் மாறியிருக்காது, எண்கள் மட்டும் மாறியிருக்கும்.

இது பந்தயக்காரனின் சில்லறைத் திருட்டாக நின்றிருந்தால் பரவாயில்லை. 2015இல் ஃபோக்ஸ்வாகன் மாட்டியது நினைவிருக்கும். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி டீசல் கார்களில் ஒரு மென்பொருள். பரிசோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்தால் கார் நல்ல பிள்ளையாகப் புகை விடும். சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடை அளவுக்கு மீறிக் கக்கும். பரீட்சை நேரத்தை அடையாளம் கண்டு நடிக்கிற இயந்திரம். செய்தி படித்தபோது நான் நினைத்தது, எங்கள் ஸ்டாக் வகுப்பில் கேம் மாற்றியவன் பிடிபட்டால் அந்தப் பந்தயக் கோப்பை போகும், பக்கத்து பிட்டில் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். இங்கே மூச்சு விட்டவர்கள் யாருமே பந்தயத்தில் இல்லை. தங்களுக்கு அடிபட்டதுகூட அவர்களுக்குத் தெரியாது.

என் கேள்வி மிகவும் கசக்கும் இடம் குழந்தைகள் விஷயம். ஷாப்புக்கு அப்பாக்கள் வருவார்கள். "சார், பையனுக்குப் பதினொண்ணு. இப்பவே கியர் வண்டி பிரமாதமா ஓட்டுறான். பெரிய டிராக்ல விடலாமா?" பையன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்ப்பான். அவன் கண்ணில் ஆசை நிஜம். ஆனால் அந்த வயதில் படிவத்தில் கையெழுத்துப் போடுவது அப்பா. கையெழுத்து ஒருவருடையது, எலும்பு இன்னொருவனுடையது.

2021 ஒரே ஆண்டில் ஐரோப்பியத் தடங்களில் மூன்று இளம் ஓட்டுநர்கள் இறந்தார்கள். வயது 14, 15, 19. பதினைந்து வயதுப் பையன் வின்யாலஸின் நெருங்கிய உறவினன். அடுத்த பந்தயத்தில் வின்யாலஸ் ஓடவில்லை. அதற்குப் பிறகுதான் உலகப் பந்தய அமைப்பு வயது வரம்பை உயர்த்தியது. உலகச் சாம்பியன்ஷிப் வகுப்புகளுக்கு 2023 முதல் பொதுவாக 18. அதே 2023 ஆகஸ்டில் நம் இருங்காட்டுக்கோட்டையில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இறந்தான். மூன்று ஐரோப்பிய விபத்துகளிலும் விழுந்தவனைப் பின்னால் வந்த வண்டி மோதியது. பின்னால் வருகிறவனும் குழந்தைதான். கூட்டமாகப் போகும் சம வேக வண்டிகளில் ஒதுங்க அவகாசமே இருக்காது. எவ்வளவு நல்ல ஏர்பேக்கும் இந்த இடத்தில் கைவிட்டுவிடும்.

ஆகவே அப்பாக்களிடம் நான் சொல்வது: கார்ட் தடத்துக்கு அழைத்துப் போங்கள். இந்தியாவிலும் நடக்கிற மினிஜிபியில் 160 சிசி குட்டி வண்டியில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். வேகம் குறைவு, கற்றுக்கொள்வது குறைவில்லை. பிரேக்கை விட்டுக்கொண்டே வளைவுக்குள் நுழைவது, பார்வையை வளைவின் வெளிவாயிலில் வைப்பது எல்லாம் அங்கேயே வரும். பெரிய தடம் எங்கேயும் ஓடிப்போகாது. சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஷாப்புக்குப் போனார்கள். போகட்டும்.

தடத்தை விட்டுச் சாலைக்கு வந்தால் கையெழுத்தே இல்லாத பந்தயம். மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் ஐம்பதாயிரம் பேர். எங்கள் ஸ்க்ரூட்டினியில் ஹெல்மெட்டின் பட்டையை இழுத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஒருமுறை தரையில் மோதிய ஹெல்மெட்டுக்கு மறுபடி அனுமதி இல்லை. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு ஒரு தடவை நசுங்கினால் அவ்வளவுதான், வெளியே கீறல் தெரியாவிட்டாலும். அண்ணா சாலையில் அதே ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கும், போலீஸ் தெரிந்தால் தலைக்கு ஏறும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரீல்ஸுக்காக முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் என்னைப் பார்த்து "நாங்களும் ரேஸர்தான்" என்பார்கள். கையெழுத்துப் போட்டவர்களோடு மட்டும் ஓட்டுகிறவன் ரேஸர். உன் பந்தயத்தில் சாலையைக் கடக்கும் மீன்காரம்மா கலந்துகொள்ளவில்லை. அவரிடம் யாரும் படிவம் கொடுக்கவில்லை. தைரியம் என்கிற சொல்லை நான் அந்த இடத்தில் பயன்படுத்த மாட்டேன். அடுத்தவர் உடம்பை வைத்து ஆடும் சூதுக்கு வேறு பெயர் இருக்கிறது.

ஆனாலும் அவர்களைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்கிறவர்கள் முதுகில் பெட்டியோடு வரும் டெலிவரி பையன்கள். ஒருவன் அடிக்கடி வருவான். பின் பிரேக் ஷூ இரும்போடு இரும்பு உரசிச் சத்தம் போடும்.

"அண்ணா, ஷூ மாத்தணும். ஆனா சீக்கிரம் விட்டுருங்கண்ணா, ஆர்டர் கையில இருக்கு."

"இதோட இவ்ளோ தூரம் எப்படிடா வந்தே?"

"முன்னாடி பிரேக் இருக்குல்ல. நின்னா ரேட்டிங் போயிடும்ணா."

கண்ணெதிரில் ஹேண்டில்பாரில் செல்போன். அதில் நேரம் குறைந்துகொண்டே போகிறது. கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டி போகும் என்பது பந்தயத்தின் முதல் பாடம். இந்தப் பையனின் கண்ணை மணிக்கணக்கில் சாலையிலிருந்து பிடுங்கி வைத்திருக்கிறது அந்தத் திரை. எங்கள் பிட்டில் லேப் நேரத்தைப் பலகையில் எழுதி ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் காட்டுவோம். இந்தப் பையன் தாமதமானான் என்று டேட்டா சொல்லும். ரயில்வே கேட் மூடியிருந்ததை, மழையில் சுரங்கப்பாதை நிரம்பியதை யாரும் கேட்பதில்லை. எத்தனை நிமிடம் என்று தீர்மானித்தவர் குளிரூட்டிய அறையில் இருக்கிறார். தேய்ந்த டயரோடு வளைவில் சாய்கிறவன் இவன்.

2023 செப்டம்பரில் இந்தியாவில் முதன்முறையாக மோட்டோஜிபி நடந்தது, டெல்லிக்குப் பக்கத்தில் புத்தா சர்வதேசத் தடத்தில். வெயில் தாங்கவில்லை. உலகத்திலேயே உடல்தகுதி மிகுந்த ஓட்டுநர்கள், மருத்துவர்கள், குளிர்ந்த பிட்டுகள், எல்லாம் இருந்தும் அதிகாரிகள் பந்தயத்தை 24 லேப்பிலிருந்து 21 ஆகக் குறைத்தார்கள். அப்படியும் இரண்டாவதாக வந்த ஹோர்ஹே மார்ட்டின் பந்தயம் முடிந்ததும் நீர்ச்சத்துக் குறைந்து நிலைகுலைந்து உட்கார்ந்துவிட்டார். அந்த மூன்று லேப்பைக் குறைத்த முடிவுக்குக் கீழே ஒரு பதவி இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது. தவறாகப் போயிருந்தால் அவரைக் கேட்டிருப்பார்கள். சென்னையின் கத்திரி வெயிலில் நாள் முழுக்க ஓடும் பையனுக்கு லேப்பைக் குறைக்க அப்படி ஒரு பதவி கிடையாது. அவன் விழுந்தால் காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கையில் அவன் பெயர் மட்டும் வரும், அதிவேகம், கவனக்குறைவு என்ற வார்த்தைகளோடு.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. அந்த டெலிவரிச் செயலியில் ஏபிஎஸ் மாதிரி ஒரு குறுக்கீடு வைக்க முடியும். மழை பெய்தால் நேரம் தானாக நீளட்டும். வெயில் ஏறினால் ஓய்வு கட்டாயமாகட்டும். பிரேக் தேய்ந்த வண்டிக்கு ஆர்டர் நிற்கட்டும், அந்த அரை நாள் கூலியை நிறுவனம் கொடுக்கட்டும். நேரத்தை நிர்ணயிக்கும் அதிகாரிக்கு ஒரு பெயர் இருக்கட்டும், விபத்து வழக்கில் அந்தப் பெயரையும் சேர்க்கட்டும். இதில் எதுவும் ராக்கெட் அறிவியல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு நாங்கள் செய்துவைத்திருக்கும் ஏற்பாட்டில் பாதிதான்.